என் தங்கை துர்காவும் இருபத்தொரு விதைகளும்

என் தங்கை துர்கா விதைப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். நெல், உளுந்து, மணிலாக்கொட்டை என்று எது வந்தாலும் நூறு நூறாக எண்ணுவாள். ஈரத்தாளில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைப்பாள். குறித்த நாளில் பிரித்து, எத்தனை முளைத்தது என்று எழுதுவாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் பி.எஸ்சி. முடித்தாள். அதில் என் தையல் மெஷினுக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவளைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். ஒருமுறை ஒரு விதை வியாபாரியின் நெல் நூற்றுக்கு எழுபத்தெட்டுதான் முளைத்தது. எண்பது இருந்தால் மூட்டை விற்பனைக்குப் போய்விடும். அவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, "ரெண்டே ரெண்டு விதைதானேம்மா" என்றார். துர்கா, "அந்த ரெண்டும் செத்திருக்கு சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

உழவர்கரையில் எங்கள் தெருவில் இருப்பவர்கள் புடலை விதை, கீரை விதை என்று எதையாவது கொண்டுவந்து அவளிடம் கொடுப்பார்கள். அவள் பழைய வேட்டித் துணியை நனைத்து, அதன் நடுவில் விதைகளைப் பரப்பி, ஒரு சில்வர் தட்டில் வைத்து இன்னொரு குழிந்த தட்டைக் கவிழ்த்து மூடி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பாள். அங்கே பகலிலும் இருட்டுதான்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வாம்பாள் வந்தார். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் எடுத்து எங்கள் தெருவில் விற்பவர், வீராம்பட்டினத்துக்காரர். அன்று தலையில் கூடை இல்லை. அவருடைய ஒரே மகன் இளஞ்செழியன் ஐப்பசியில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடன் போனவரின் உடல் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது. இவன் ஒதுங்கவில்லை. ஆறு மாதமாகியும் செல்வாம்பாள் காரியம் எதுவும் செய்யவில்லை. மருமகள் கலைவாணி கழுத்தில் தாலி இருந்தது. அது இருக்கலாமா கூடாதா என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

"அம்மன்கிட்ட பூ கேட்டேன் பாப்பா. ஒருவாட்டி வலப்பக்கம் வுழுந்துச்சு, ஒருவாட்டி இடப்பக்கம் வுழுந்துச்சு. அதுக்கே தெரியல போல. நீதான் கணக்கா சொல்லுவ."

"நான் இன்னா சொல்றது செல்வாம்பாக்கா?"

அவர் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். "எம்புள்ள வூட்டுல வுட்டுட்டுப் போன லுங்கி முனையில முடிஞ்சி வெச்சிருந்தது. இன்னா விதைன்னு தெரியாது. இது முளைச்சா அவன் உசுரோட இருக்கான். முளைக்கலன்னா கருமாதி பண்ணிட்டு, அந்தப் பொண்ண அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடறேன்."

கொத்தமல்லி விதை அளவில், சாம்பல் நிறத்தில் வரி வரியாக இருந்தன. துர்கா அவற்றை உள்ளங்கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பதினான்கு நாள் கழித்து வரும்படி சொல்லி அவரை அனுப்பிய பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

"அக்கா, இது கஞ்சா விதை."

"தூக்கிப் போடுடி. உன் வேலைக்கே உலை வெச்சிடும்."

"இன்னா விதைன்னு அவங்க கேக்கலையே. முளைக்குமான்னுதான கேட்டாங்க."

"போலீஸு கேப்பான்."

"பதினாலு நாள்தான். எண்ணிட்டு எரிச்சிடறேன்."

இருபத்தொரு விதைகள். அவள் இரண்டுமுறை எண்ணினாள், நான் ஒருமுறை எண்ணினேன். வழக்கம்போல வேட்டித் துணியில் பரப்பி, மூடி உள்ளே வைத்தாள்.

ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. ஏழாம் நாளும் இல்லை. எட்டாம் நாள் மாலை, துர்கா வேலையிலிருந்து வந்த பிறகு, கலைவாணி தனியாக வந்தாள். வயது இருபத்தாறு இருக்கும். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"முளைக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அக்கா."

"இன்னும் ஆறு நாள் இருக்கும்மா" என்றாள் துர்கா.

"தினம் அவருக்குத் தட்டுல சோறு போட்டு வெக்கறாங்க. என்னப் பக்கத்துல உக்காந்து பேசச் சொல்றாங்க. ஆறு மாசமா நானும் பேசறேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "முன்னெல்லாம் சும்மா பேசுவேன். இப்ப நான் பேசி முடிச்சதும் கொஞ்சம் நேரம் விட்டுட்டுத்தான் அடுத்தது பேசறேன். பதில் வருதோன்னு. நேத்து சோத்துத் தட்டு ஈரமா இருந்துச்சு. நான் தண்ணி வெக்கவே இல்ல."

துர்கா அவள் கையைப் பிடித்தாள். "முளைக்கலன்னா முளைக்கலன்னு சொல்வேன். முளைச்சா முளைச்சுதுன்னு சொல்வேன். வேற சொல்ல என்னால முடியாதும்மா."

"ரெண்டு தட்டுக்கு நடுவுல என் கழுத்த வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று துர்கா சாப்பிடவில்லை. பொய் சொல்லிவிடு என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் எழுந்து போய்த் துணியில் தண்ணீர் தெளித்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் இருவரும் தட்டைத் திறந்து பார்த்தோம். விதைகள் வைத்தபடியே கிடந்தன. மாலை ஐந்தரைக்கு அவள் வேலையிலிருந்து வந்து திறந்தபோது இருபத்தொன்றும் முளைத்து, விரல் நீளத்துக்கு வெளுப்பாக நின்றன. நடுவில் நான் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை, யாரும் வரவில்லை. தட்டின் விளிம்பைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. நாங்கள் தெளித்தது குழாய்த் தண்ணீர்தான்.

"லேப்ல இதுவரைக்கும் ஒரே நாள்ல எல்லாம் முளைச்சு நான் பாத்ததில்ல" என்றாள் துர்கா. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. அத்தனை முளையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. தட்டில் எங்கள் அம்மா பெயர் வெட்டியிருக்கும். முளைகள் சாய்ந்திருந்தது அந்தப் பெயர் இருக்கும் பக்கம், அதாவது கிழக்கே. அவள் அம்மாவின் பெயர் மேற்குச் சுவரைப் பார்க்கும்படி தட்டைத் திருப்பி வைத்து, மூடி, அலமாரியையும் சாத்தினாள். மறுநாள் காலையில் பெயர் சுவர்ப்பக்கமே இருந்தது. முளைகள் கிழக்கே திரும்பியிருந்தன.

பதினான்காம் நாள் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். துர்கா தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துத் திறந்தாள்.

"எத்தினி?" என்றார் செல்வாம்பாள்.

"இருபத்தொன்னுக்கு இருபத்தொன்னு."

அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கலைவாணி தாலிக்கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் துர்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துர்கா முகத்தைத் திருப்பவில்லை. அது என்ன விதை என்பதையும், வளரவிட்டால் எல்லோருக்குமே ஆபத்து என்பதையும், இங்கேயே இப்போதே பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"புடுங்கறதா?" செல்வாம்பாள் குரல் உயரவில்லை. "உசுரோட இருக்குதுன்னு நீயே சொல்லிட்டு, நீயே புடுங்கச் சொல்றியா பாப்பா?"

அவர் குனிந்து தட்டைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஏன் ஒரே பக்கம் சாஞ்சி நிக்குது?"

வெளிச்சத்துக்குச் சாயும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிடுவாள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

"தெரியல செல்வாம்பாக்கா. இருட்டுலதான் இருந்துச்சு. திருப்பி வெச்சும் பாத்தேன். மறுபடியும் கிழக்கதான் திரும்புது."

செல்வாம்பாள் தன் கையாலேயே தட்டை அரைவட்டம் சுற்றினார். மேலே கவிழ்க்கும் தட்டையும் போட்டு மூடினார். நான் மின்விசிறியை நிறுத்தினேன். நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான் போட்டுக்கொடுத்த காபியில் ஆடை படிந்தது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போன சத்தம் கேட்டது. அரைமணி நேரம் கழிந்திருக்கும். துர்கா கையை நீட்டப் போனாள். "நான் எடுக்கறேன்" என்று செல்வாம்பாளே மேல்தட்டை எடுத்தார்.

முளைகள் எல்லாம் கிழக்கே, கடல் இருக்கும் பக்கம் தலைசாய்த்து நின்றன. துணியிலிருந்த ஈரமும் அந்தப் பக்கமாகவே ஒதுங்கித் தேங்கியிருந்தது.

"அங்கதான் இருக்கான்" என்றார் செல்வாம்பாள். தட்டிலிருந்து கண்ணை எடுத்து, "கரையில இல்ல. இனி வரமாட்டான்" என்றார்.

பிறகு மருமகளைப் பார்த்து, "நீ புடுங்கும்மா" என்றார்.

கலைவாணி தயங்கினாள். துர்கா செய்தித்தாளை விரித்தாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். நூல் போன்ற வேர்தான், ஆனால் யாரோ மறுமுனையைப் பிடித்திருப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் அவள் பலம் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. ஐந்தாவதில் அவள் அழத் தொடங்கினாள், கை நிற்கவில்லை. செல்வாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிவந்தார். கடைசியில் அவர் "இருபத்தொன்னு" என்றபோது துர்காவின் உதடும் சத்தமில்லாமல் அதையே சொன்னது.

செல்வாம்பாள் கலைவாணியின் ஈரக்கையை இழுத்துத் தன் முந்தானையில் விரல் விரலாகத் துடைத்துவிட்டார்.

"உங்கம்மாவுக்குப் போன் பண்ணு. கருமாதி முடிஞ்சதும் வந்து அழச்சிக்கினு போவட்டும்."