உள்ளே இல்லாத மொழி

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை இழந்தவர்களுக்கு வீட்டுக்காணி தருகிறார்கள் என்று பதுளை அலுவலகமொன்றில் காத்திருந்தபோதுதான் அந்த ஆசிரியையைச் சந்தித்தேன். நரைத்த கொண்டை, பேசும்போதும் புத்தகத்துக்குள் விரலை வைத்திருப்பார். அது ஐரிஷ், சந்தாலி மொழிகளை ஒப்பிடும் புத்தகம்.

"அயர்லாந்துல ஐரிஷ் அரசாங்க மொழிங்க. போர்டெல்லாம் இருக்கு, வீட்டுல பேசுறவங்கதான் கொஞ்சம். இந்தியாவுல சந்தாலிய லட்சக்கணக்கான பேரு வீட்டுல பேசுறாங்க. ஆபீசுல ரொம்பக் காலமா மதிக்கல."

"நம்ம தமிழ்?"

"போர்டுலயும் இருக்கு, வீட்டுலயும் இருக்கு. உள்ள போனாத்தான் இல்ல."

அவரை அழைத்தார்கள். நீட்டிய பத்திரம் முழுக்கச் சிங்களம். அவருக்குப் பேச வரும், வாசிக்க வராது. தமிழ்ப் பிரதி கேட்டதற்கு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

"எங்கம்மா அதுவரைக்கும் கூடாரத்துல தாங்க மாட்டாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எதற்குச் சம்மதித்தார் என்று அவருக்குத் தெரியாது. அடுத்துக் கையெழுத்திட்ட எனக்கும் தெரியாது.