சிவப்புப் பெயிண்டில் ஏழாம் நம்பர்

பழைய கல் வீடுகளைக் காப்பாற்றும் வேலையில் எங்களைக் கண்டால் வீட்டுக்காரர்களுக்குப் பயம், வீட்டைக் கண்டால் எங்களுக்குப் பயம். முன்பின் தெரியாதவர் வாசலில் ஃபைலோடு நின்று பிழைக்கிற எல்லோருக்கும் இது புரியும்.

பெயிண்ட் டப்பா

மார்க்கையன்கோட்டைப் பக்கம் சவரிமுத்து அண்ணனின் வீடு முழுக்கக் கருங்கல். பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலில் ஏறிவிட்டால் யாரும் அதை இடிக்க முடியாது. நான் போனபோது வீட்டில் ஆள் இல்லை. படம் எடுத்து, அடையாளத்துக்குச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் 7 என்று எழுதிவிட்டு வந்தேன். ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள், இடிக்க வேண்டிய வீடுகளுக்கு அதே சிவப்பில்தான் நம்பர் போட்டிருந்தார்கள். அது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் போனால் வாசலில் கதவும் இல்லை, அதைத் தாங்கிய தேக்கு நிலைச்சட்டமும் இல்லை. இரண்டும் வாழைத்தார் ஏற்றும் வண்டியில் கிடந்தன. இடிக்க இல்லை அண்ணே, காப்பாற்றத்தான் என்று வண்டியருகே நின்ற சவரிமுத்து அண்ணனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"நீங்க இடிக்கிறதுக்கு முந்தி நாங்களே பிரிச்சுட்டா, கதவு நெலையாச்சும் மிஞ்சும்ல சார்."

பொடி

அளக்க உள்ளே நுழைந்தேன். வாசலுக்கு மேலே கிடந்த நீளக் கல்லில் பழைய விரிசல் ஒன்று. இத்தனை வருடம் அதைத் தாங்கியது அந்தத் தேக்கு நிலைதான். நான் நிமிர்ந்து பார்க்கும்போதே தோளில் சுண்ணாம்புப் பொடி கொட்டியது. டேப்பைப் போட்டுவிட்டு ஓடினேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அண்ணனின் மனைவி ரோசம்மாள் அக்கா, பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளைப் பின்வாசல் பக்கமே வைத்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க ஒரு நம்பர் எழுதுனீக, எம்மக இந்த வாசப் பக்கமே வரமாட்டேங்குறா."

இரண்டு கட்டம்

தேனி அலுவலகத்தில் படிவத்தில் இரண்டே கட்டம்: உறுதியானது, ஆபத்தானது. ஆபத்து என்று குறித்தால் வீட்டை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். உறுதி என்று குறித்த பிறகு கல் விழுந்தால்? அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில், "நிலையைத் திரும்ப வைத்தால் உறுதி, என் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எங்கள் இன்ஜினியர் மேடம் படித்துப் பார்த்தார்.

"விழுந்தா மொதல்ல உங்களத்தான் கூப்பிடுவாக, போனை மட்டும் ஆஃப் பண்ணிராதீக."

முட்டு

அந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகுதான் அண்ணன் நிலையை வண்டியிலிருந்து இறக்கவிட்டார். வாழைக்குக் கொடுக்கும் சவுக்குக் கம்புகளையே கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கல்லுக்கு முட்டுக் கொடுத்தோம். நாலு பேர் நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆப்பு அடிக்க அடிக்க நான் அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்புகளை ஒவ்வொன்றாக உருவினோம். கல் அசையவில்லை. ஆனாலும் யாரும் உள்ளே போகவில்லை. மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அண்ணன் என்னையே பார்த்தார்.

"கையெழுத்துப் போட்ட ஆளு நீங்கதான சார், மொதல்ல நீங்க போங்க."

போனேன், கல் நின்றது, பிறகு வீடும் பட்டியலில் ஏறிவிட்டது, போனை மட்டும் நான் இன்னும் ஆஃப் பண்ணவில்லை.