கோபியில் பாடப்பட்ட ‘உப்புத்தண்ணி’

அன்று காலை நம் ரசிகர் குழுவின் அரட்டையில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ‘பஞ்சு லாரி’ பாட்டை மூணாம் ஷிஃப்ட் இசைக்குழு மேடையில் எத்தனை முறை பாடியிருக்கிறது? மூன்று என்றார் ஒருவர். கொடுமுடியில் பாதியில் நிறுத்தியதையும் சேர்த்தால் நான்கு என்றார் இன்னொருவர். பாதிப் பாட்டு செல்லுமா செல்லாதா என்று சண்டை தொடங்கியது. அதன் நடுவில் ஜமால் பாயின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. “அத்தா இன்னைக்கு விடியக்காலம் தவறிட்டாங்க. மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். நான் அவங்க மக நஸ்ரின்.” அதற்குக் கீழே, அதைப் படிக்காமலே, ஒருவர் எழுதினார்: “பாதிப் பாட்டுக்கு அரைன்னு போடுங்கப்பா, முடிஞ்சுது.”

நான் மில் அலுவலகத்தில் நூல் மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். என் மனதில் முதலில் வந்தது அவருடைய முகம் அல்ல. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே நான் எழுதிவைத்த ஒரு வரி. அது இன்னும் அங்கேதான் இருக்கிறதே என்று நினைத்தேன். ஒருவர் இறந்த செய்தி வரும்போது அப்படியா தோன்றும்? எனக்கு அப்படித்தான் தோன்றியது. குழுவின் கூடுகையில் வாசிக்க அவரைப் பற்றி எழுதித் தரும்படி நீங்கள் என்னைக் கேட்டபோது மறுக்க நினைத்தேன். பிறகு, இதை எழுத வேண்டியவள் நான்தான் என்று தெரிந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நம் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மூணாம் ஷிஃப்ட் எந்த ஊரில் எந்தப் பாட்டை எந்த வரிசையில் பாடியது என்று நாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அபூர்வமாகப் பாடும் பாட்டுகளுக்கு அதில் தனி இடம். அதிலும் ‘உப்புத்தண்ணி’க்கு முதலிடம். முதல் தொகுப்பின் கடைசிப் பாட்டு. மேடையில் பாடவே மாட்டார்கள் என்று பேர் பெற்றது. எந்தப் பாட்டும் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் நேரில் கேட்டவர்கள் இரண்டு பேர் சொல்ல வேண்டும். பட்டியலை எழுதுகிறவள் நான்.

நான் இந்தக் குழுவுக்குள் வந்ததே கோபிப் பட்டியலோடுதான். கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் அவர்கள் வாசித்த ஒரு சாயங்காலம். அதன் வரிசை யாரிடமும் இல்லை. பதினோரு பாட்டுகளையும் ஒழுங்காக எழுதி நான் குழுவில் போட்டேன். உடனே கேட்டார்கள், “யாருப்பா இது புதுசா? ரெண்டாவது ஆள் யாரு?” அப்போது முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார்: “நானும் அன்னைக்கு அங்கதானுங்க இருந்தேன். ஜெனரேட்டர் வேலைக்குப் போயிருந்தேன். அந்த அம்மணி எழுதுனது அத்தனையும் சரிங்க.” ஜமால் பாய் சொன்ன அந்த ஒரு வார்த்தையால்தான் என் பட்டியல் ஏறியது. நானும் உள்ளே வந்தேன். ஒரு மாதத்தில் எல்லாருடைய சந்தேகங்களுக்கும் பதில் சொல்லும் இடத்தில் என்னை வைத்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். கல்லூரியில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். நான் சொன்னால் சரி என்று முந்நூறு பேர் எழுதியதை நான் எத்தனை முறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

சில நாள் கழித்து பாய் மறுபடி எழுதினார். “ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சுங்க. ஏழாவது பாட்டுக்கும் எட்டாவதுக்கும் நடுவுல உப்புத்தண்ணி பாடுனாங்க. தூத்தல் போட்டுச்சு. என்ற ஜெனரேட்டர் நின்னுபோச்சு, டீசல்ல தூசி அடைச்சுக்கிச்சு. பசங்க எல்லாம் போனைப் பைக்குள்ள போட்டுக்கிட்டுக் கட்டடத்துக்குள்ள ஓடிட்டாங்க. மேடை ஓரத்துல உக்காந்து, மைக் இல்லாம, ஒரு கிட்டாரை வெச்சுப் பாடுனாங்க. பத்துப் பேரு கேட்டிருப்போமுங்க.”

குழு கொதித்தது. உப்புத்தண்ணியா? கோபியிலா? பாடகரிடம் பிறகு ஒருமுறை மேடைக்குப் பின்னால் கேட்டவர்களுக்கு, “எல்லா ஊரும் எனக்கு ஒரே ஊர் மாதிரிதான் இருக்கு” என்ற சிரிப்புதான் கிடைத்தது. எல்லாரும் என்னைத்தான் கேட்டீர்கள். நேரில் இருந்த இரண்டாவது ஆள் நான்தானே. வரிசை எழுத வந்தவள் உப்புத்தண்ணியை விட்டுவிட்டு மழைக்கு ஒதுங்கினேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எனவே, எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. நான் எழுதினேன்: “நான் மேடைக்கு அருகில் நின்றேன். அப்படி ஒரு பாட்டு பாடப்படவில்லை. ஜெனரேட்டரும் நிற்கவில்லை.”

நான் மேடைக்கு அருகில் நிற்கவில்லை. மைதானத்துக்கே போகவில்லை. எங்கள் வீடு வாய்க்காலுக்கு இப்பால், நெல்வயல்களுக்கு நடுவே. என் அம்மாவும் அப்பாவும் அந்த வயல்களில் நாற்று நடப் போகிறவர்கள். தனியாக அங்கே போக வேண்டும் என்று நான் வீட்டில் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்களோ என்னவோ. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, வயல்களைத் தாண்டிக் காற்றில் வந்த சத்தத்தை வைத்து ஒரு நோட்டில் பாட்டுகளின் பெயரை எழுதினேன். அவ்வளவுதான் என் கோபி.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. ஏழாவது பாட்டுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் அந்த நோட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது: “எட்டு நிமிஷம் சத்தமே வரல.” தூறல் விழுந்து மை கொஞ்சம் கலைந்திருக்கிறது. பாய் எழுதியதைப் படித்தவுடனே நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று எழுதினேன்.

ஜெனரேட்டர் நிற்கவில்லை என்று நான் எழுதியதைப் படித்த அந்த நொடியே, நான் அங்கே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதை நின்றுபோக விட்டு, வாடகைக்கு எடுத்தவர்களிடம் வசை வாங்கியவர் அவர். ஒரு வரி எழுதியிருந்தால் என் பட்டியல் போயிருக்கும். நானும் போயிருப்பேன். அவர் எழுதியது இது: “அம்மணிக்கு ஞாபகசக்தி நல்லா இருக்குமுங்க. எனக்குத்தான் வேற ஊரு கலந்துபோச்சாட்ட இருக்குது.”

அதன்பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். “டீசல் புகையில கனவு கண்டிருப்பாப்ல.” “டீசல் பாய், நேத்து உங்க ஊட்டுல என்ன பாட்டுங்க பாடுனாங்க?” அவரும் சிரிக்கும் முகங்களைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் டீசல் பாய் என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே “தவறான நினைவு, நீக்கப்பட்டது” என்று மட்டும் எழுதினேன். நம் பட்டியல் முழுவதிலும் அப்படி ஒரு குறிப்பு அவர் ஒருவருக்குத்தான் இருக்கிறது.

பல்லடம் நிகழ்ச்சியில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குள் எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நோட்டும் கையுமாகத் தனியாக நின்றேன். எண்ணெய்க்கறை படிந்த சட்டையோடு ஒரு மனிதர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க அம்மணி, லிஸ்ட் எழுதறது நீங்கதானுங்களே? நோட்டைப் பாத்தவுடனே நெனச்சேன். நான் ஜமாலுங்க.”

நாற்காலியை எனக்கு முன்னால் போட்டார். “இங்க உக்காருங்க, யாரும் இடிக்க மாட்டாங்க. ஜெனரேட்டர் சத்தம் கேக்கும், ஆனா அது பழகிப்போயிரும். எனக்கெல்லாம் அது நின்னாத்தான் காது வலிக்குது” என்று சிரித்தார். தேநீர் வாங்கி வந்து கொடுத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

“கோபில உங்க ஊடு எந்தப் பக்கமுங்க?”

“வாய்க்கால் தாண்டிங்க.”

கொஞ்ச நேரம் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். “அன்னைக்குக் காத்து உங்க பக்கந்தானுங்க அடிச்சுது” என்றார்.

அதில் குத்தலே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அந்தப் பாட்டை ஏத்தச் சொல்லலீங்க. என்ற பேருக்கு எதுக்கால ஒரு வரி இருக்குதல்லங்க, அதை மட்டும் எடுத்துப்போட முடியுங்களா? எம்புள்ளையும் இப்ப அதையெல்லாம் படிக்குது. அதுக்கு நானே இந்தப் பாட்டைச் சொல்லியிருக்கேன்.”

“பாக்கறேனுங்க” என்றேன்.

பார்க்கவில்லை. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குப் பதில் இருக்காது. அதற்குப் பயந்து ஒரு நாளைத் தள்ளினேன், அது ஒரு மாதமாயிற்று, பிறகு ஒன்றரை வருடம். அந்தக் காலம் முழுவதும் அவர் குழுவில் என்னோடு முன்போலவே பேசிக்கொண்டிருந்தார். யாராவது என் பட்டியலில் குறை சொன்னால் முதலில் வந்து மறுப்பவரும் அவர்தான். அந்த வரியைப் பற்றி இரண்டாவது முறை கேட்கவே இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். நஸ்ரின் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் மாறிவிடும் என்று நினைத்தேன். உள்ளே திரும்பி, “அம்மா, லிஸ்ட் அக்கா வந்திருக்காங்க” என்று கூப்பிட்டாள்.

“அத்தா உங்களப் பத்தித்தானுங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஒரு புள்ள வயலுக்கு அந்தாண்ட உக்காந்துக்கிட்டு, வெறும் காத்துல கேட்டே பதினொரு பாட்டையும் எழுதிப்போட்டுச்சு, ஒண்ணுகூடத் தப்பில்லன்னு. நெசமாவாக்கா?”

அவர் அதைப் பொய்யாக வைத்திருக்கவில்லை. மகளிடம் சொல்லிப் பெருமைப்படுகிற ஒரு திறமையாக வைத்திருந்தார். நான் மறைத்துவைத்த ஒன்றை அவர் வீட்டில் எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நெசந்தான் கண்ணு. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு” என்றேன்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, “அப்ப உப்புத்தண்ணி பாடுனாங்களாக்கா? அத்தா சொன்னது சரிதானா?” என்று கேட்டாள்.

தன் அத்தா சொன்னது உண்மையா என்று ஒரு மகள் என்னைக் கேட்க வேண்டியிருந்தது. அதுவும் அவர் போனபிறகு. நோட்டைப் பையிலிருந்து எடுத்து அந்த வரியைக் காட்டினேன். அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொண்டுபோனாள். அந்த அம்மா படித்துவிட்டு, “எட்டு நிமிஷத்துலயே ஜெனரேட்டரைச் சரி பண்ணிட்டாங்களா?” என்றார். “முக்கா மணி நேரமுன்னுல்ல எங்கிட்ட கதையளந்தாங்க.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நேற்று பட்டியலைத் திருத்திவிட்டேன். பாயின் பெயருக்கு எதிரே இருந்த வரியை எடுத்துவிட்டேன். கோபிக்கு நேரில் இருந்தவர்கள் வரிசையிலிருந்து என் பெயரையும் எடுத்துவிட்டேன். இனி அதை எழுதுகிறவள் நானாக இருக்க வேண்டுமா என்பதை இந்தக் கூடுகை முடிவு செய்யட்டும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ‘உப்புத்தண்ணி’ என்று எழுதி, கேட்டவர் ஜமால் என்று போட்டிருக்கிறேன். நம் வழக்கப்படி இரண்டாவது பெயர் வேண்டும். அங்கே என் பெயரை எழுத எனக்குத் தகுதியில்லை. நான் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. எனவே அந்த இடத்தில், நோட்டில் இருந்தபடியே, வாய்க்கால் கரையில் எட்டு நிமிடம் சத்தம் வரவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். ஒரு மனிதர் தூறலில் நனைந்துகொண்டு அடைப்பு எடுத்த எட்டு நிமிடம். அதில் அவர் கேட்டது, எனக்குக் கேட்காதது.