ஜூடியக்கா ரேட்டு

"பக்கத்து வூட்டாண்ட பேச்சுவார்த்த கீதா, இல்லியா?"

மரம் வெட்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டால், ஜூடியக்கா வந்து நின்றதும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அதுவரை மரத்தை அண்ணாந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். கண்ணெல்லாம் தரையில். கிளை விழுந்தால் யார் கூரை, எந்த வயர், எந்தச் சந்தில் வண்டி திரும்பும் என்று அளந்துகொண்டே மரத்தைச் சுற்றுவார். பக்கத்து வீட்டோடு சண்டை என்றால் ரேட்டு ஏறிவிடும். "ஒரு சுள்ளி அவன் தகரத்துல வுய்ந்தாலும் ஸ்டேசன்ல நான்தான குந்திகினு இருக்கணும்?" என்பார். ரேட்டு பேசி முடிகிறவரை டீ கொடுத்தாலும் தொடமாட்டார். "டீய குட்ச்சா வாய்ல வெல எறங்கிடும்மா. வாணாம்."

ஐம்பது வயது. திருவொற்றியூரில் வீடு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எங்கே மரம் சாய்ந்தாலும் அவருடைய போன்தான் அடிக்கும். மரமேறுகிறவன் வசீம், புளியந்தோப்புப் பையன். போன வருஷம்தான் கல்யாணமானது. கீழே கயிறு பிடிக்க நாலு பேர். வெட்டுகிற கிளையைக் கயிற்றில் கட்டி, மேலே கிளை பிரிகிற கவையில் போட்டு, கீழே நிற்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து இறக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் எதில் பேரம் பேசினாலும் அக்கா சிரித்துக்கொண்டே கேட்பார். கயிற்றுக்காரர் கூலியைத் தொட்டால் மட்டும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த ரேட்டைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கே உள்ளுக்குள் கூச்சமாகத்தான் இருக்கும். அவருடைய அப்பா ராயபுரத்தில் விறகுத்தொட்டி வைத்து விறகு விற்றவர். அன்றைக்கு மரம் வெட்டுகிறவர்தான் வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்து மரத்தை எடுத்துப்போவார். வெட்டக் கூலி கேட்டிருந்தால் தெருவே சிரித்திருக்கும்! இப்போது சும்மா கொடுத்தாலும் விறகு வாங்க ஆளில்லை. கொண்டுபோய்க் கொட்டுவதற்கே வண்டி வாடகை அழ வேண்டும். எங்காவது பச்சை மரத்தில் ரம்பம் ஓடி அந்த ஈரத்தூள் வாசனை மூக்கில் ஏறினால் போதும், தொட்டியில் சவுக்குக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து ஆரஞ்சு மிட்டாய் சப்பிய நாளெல்லாம் அக்காவுக்கு ஞாபகம் வந்துவிடும். "எங்க நைனா பாத்தாருன்னா செருப்பால அடிப்பாரு, மரத்த வெட்டிட்டு துட்டு வாங்கறியாடின்னு" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

இந்த ஐப்பசியில் எண்ணூர்க் கடலோரத்து நெட்டுக்குப்பத்திலிருந்து மங்கம்மா கூப்பிட்டார். வாசல் வாதாமரம் காற்றில் சாய்ந்து பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேல் தொங்குகிறது. அடுத்த புயலுக்குத் தாங்காது. கூரைக்கடியில் கைக்குழந்தை இருக்கிறது. அக்கா சுற்றிப் பார்த்து இருபத்திரண்டாயிரம் என்றார்.

மங்கம்மா நெஞ்சில் கையை வைத்தார். "அடி ஆத்தாடி! மரம் இன்னா தங்கமாமே?"

"கண்டெய்னர் லாரிங்க நடுவுல மாட்டிகினு இங்க வந்து சேர்றதுக்கே பாதி நாளு பூடும்க்கா. அந்த அரைநாள் கூலிய யாரு குடுப்பா?"

மங்கம்மா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். பதினாலாயிரத்துக்கு மேல் அவரால் முடியாது. "கவுறு புடிக்க இன்னாத்துக்கு ஆளு? எங்க குப்பத்துல பொறந்ததுலேர்ந்து கவுறு புடிச்ச கையிங்க கீது" என்று கொழுந்தனார் சுப்புராயனைக் கூப்பிட்டார். அவரோடு இன்னும் ஐந்து கிழவர்கள் வந்தார்கள். எல்லாரும் ஒரு காலத்தில் மணலில் நின்று ஒன்றாகக் கரைவலை இழுத்தவர்கள். முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்த பிறகு அந்த வலை கடலில் இறங்கி வருஷக்கணக்காகிறது. அக்கா அவர்களுடைய உள்ளங்கைகளைப் பார்த்தார். கூரைக்கடியில் ஆடிய தூளியையும் பார்த்தார். வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் கயிற்றுக்காரர்கள் இல்லாமல், பதினாலாயிரத்துக்கு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிப்போய்ப் பத்திரமாக வைத்துவிட்டு வேலை தொடங்கியது. சின்னக் கிளை அறுந்து கனம் கயிற்றில் இறங்கியதுதான் தாமதம், யாரோ ஒருவர் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டை எடுத்தார். ஆறு பேரும் மணலில் குதிகாலை ஊன்றி இழுக்கத் தொடங்கினார்கள். விட்டுக்கொடுக்க வேண்டிய கயிறு! பாவம், கனம் என்றால் இழுக்க மட்டுமே பழகிய உடம்புகள். எத்தனை வருஷம் கழித்து ஒன்றாகக் கயிறு பிடிக்கிறார்கள். சுப்புராயன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மேலே கிளை விறுவிறுவென்று வசீமை நோக்கி ஏறியது.

"அக்கோவ்!" என்று வசீம் அலறினான்.

சட்டென்று விடச் சொன்னால் கூரை போகும். இழுத்தால் பையன் போவான். அக்கா ஓடிப்போய்க் கயிற்றுக்குக் குறுக்கே நின்று, சுப்புராயன் மார்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். "நைனா! நில்லு! மேல என் புள்ள கீறான்!"

பாட்டு நின்றது. பிறகு முழம் முழமாக விட்டார்கள். கிளை தரைக்கு வந்தது. வசீமின் தோள் சிராய்த்து ரத்தம் கசிந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. "இன்னா பெருசு, என்னிய வலையில போட்டு இய்க்கலாம்னு பாத்தீங்களா?" என்று அவன் சிரித்தான். கீழே யாரும் சிரிக்கவில்லை.

கூரைக்கு நேர்மேலே இருக்கிற பெரிய கிளை இன்னும் பாக்கி. சுப்புராயன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். "வாணாம்மே. இந்தக் கைங்க சொன்னா கேக்காது. உன் ஆளுங்களையே இட்டுகினு வா." மங்கம்மா முந்தானை முடிச்சைத் திருகிக்கொண்டு நின்றார். அதில் பதினாலாயிரத்துக்கு மேல் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். புடவையைத் தூக்கிச் செருகினார். கயிற்றை எடுத்து, மரத்துக்குப் பக்கமாக முதல் ஆளாய்த் தான் நின்றார். பிறகு திரும்பிப் பார்க்காமலே பின்பக்கம் கையை நீட்டி, சுப்புராயனின் மணிக்கட்டைப் பற்றி இழுத்து, தன் கைக்குப் பின்னால் கயிற்றின் மேல் வைத்தார்.