போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினேன்

உங்கள் பத்திரிகையில் ஓட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதிய கட்டுரையாளர் பாதி உண்மையை மறைத்துவிட்டார். அவரை நம்பி நான் காலை உடைத்துக்கொண்டேன்.

"போனை வீட்டில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஓடுங்கள். அப்போதுதான் ஓட்டம் உங்களுடையது" என்று அந்த ஓட்டக்காரர் சொன்னதாக எழுதியிருந்தார். செஞ்சியில் தினமும் ஓடுகிற நானும் ஒரு ஞாயிறு விடியற்காலையில் மனைவியிடம் சொல்லாமல் கிளம்பினேன். கோட்டை மலையின் பின்பக்கம் சறுக்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவே வலது கால் முழங்கால்வரை மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. வெயில் ஏறியது, தண்ணீர் இல்லை. தொண்டை கட்டும்வரை கத்தியும் யாரும் வரவில்லை.

மதியத்துக்கு மேல் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், நீதான் காலையிலேர்ந்து கூவினியா? கோட்டை பாக்க வந்தவங்க எதிரொலிக்குக் கூவுறாங்கன்னு இருந்துட்டேன்."

"காலு மாட்டிக்கிச்சும்மா."

"அதச் சொல்லிக் கூவணும். சும்மா ஓ ஓன்னா யாரு வருவா?"

அவர் அழைத்துவந்த ஆட்கள் கடப்பாரையால் பாறையை நெம்பித்தான் என்னை வெளியே எடுத்தார்கள்.

மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது கட்டுரையை மறுபடி பார்த்தேன். ஓட்டக்காரரின் படத்தில், அவருக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு ஒரு பெண் ஸ்கூட்டரில் வருகிறார். கீழே 'மனைவியுடன்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.

கால் தேறிவிட்டது. இப்போது போன் இல்லாமல் ஓடுவதில்லை; எந்தப் பாதை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஆனால் பின்னால் ஒருவர் வருவதைக் கட்டுரையில் ஏன் எழுதவில்லை? எனக்குத் தனிக் கடிதம் வேண்டாம். கட்டுரையாளர் இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படி பதில் சொல்லட்டும்.