சேவியர் குரலுக்கு நான் போட்ட லைசென்ஸ்

1. ஒரே ஃபைல்

பாலக்கோடு தக்காளி மண்டியில் வண்டிகளை வரிசையாகக் கூப்பிட ஓர் ஓப்பன் சோர்ஸ் டோக்கன் மென்பொருளைப் போட்டிருந்தோம். தமிழில் கூப்பிடும் மாட்யூலை என் கூட்டாளி சேவியர் சொந்தமாக எழுதிச் சேர்த்தான். குரலும் அவனுடையதுதான். "டோக்கன் பதினேழு, உள்ள வாங்க." மாரடைப்பில் அவன் போன மறுநாள் காலையும் மண்டியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மற்ற ஊர்களும் மாட்யூலைக் கேட்டன. அவன் லைசென்ஸ் எதுவும் போட்டு வைக்கவில்லை. உரிமை இப்போது அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு. நல்லம்பள்ளியில் அவள் வீட்டுக்குப் போனேன்.

"மெயின் சாஃப்ட்வேர் ஜிபிஎல்மா. இது அதோட சேந்து ஓடறதால இதுவும் ஜிபிஎல்தான். யாரு வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்."

"அவரு கொரலையுமாங்ண்ணா? நம்பர் கூப்புடட்டுங்க. வேற எதுவும் அவரு வாயில வரக் கூடாதுங்க."

"அட, கொரல யாரும்மா மாத்தப் போறாங்க?"

அவசரக்குடுக்கை நான். ஜிபிஎல் போட்டே ஆக வேண்டிய கட்டாயம் புரோகிராம் கோடுக்குத்தான், ஆடியோ ஃபைல்களுக்கு இல்லை. அவற்றுக்குத் தனி லைசென்ஸ் போட்டிருக்கலாம். சோம்பேறித்தனமாக மொத்த ஃபோல்டருக்கும் ஒரே லைசென்ஸ் ஃபைலைப் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

2. மொரப்பூர் கிளினிக்

இரண்டு வருடம் கழித்து ஸ்டெல்லாவிடமிருந்து போன். "அண்ணா, பிரஷர் பாக்க வந்தேங்க. அவரு என்னயப் பேர் சொல்லிக் கூப்புட்டாருங்ண்ணா. ஓடியாந்துட்டேன்."

சேவியர் பதிவு செய்தது எண்களையும் "டோக்கன்", "உள்ள வாங்க" என்பதையும் மட்டும்தான். பெயர் ஒன்றுகூடக் கிடையாது. விசாரித்தேன். யாரோ அந்த ஃபைல்களை வைத்து, எந்தப் பெயரையும் அதே குரலில் சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்கியிருந்தார்கள். நான் போட்ட லைசென்ஸ்படி அதில் தப்பே இல்லை. ஒருமுறை கொடுத்ததை நான் திரும்பப் பிடுங்கவும் முடியாது.

அடுத்த முறை அவளோடு நானும் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் தலைக்கு மேலே ஸ்பீக்கரில் சேவியர் வந்தான்.

"ஸ்டெல்லா, உள்ள வாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை.

"கூப்புடறாங்கம்மா," என்றேன்.

"அவரு என்னய ஒரு நாளும் வாங்கன்னு கூப்புட்டதில்லீங்ண்ணா," என்றாள். "அது யாருங்க?"

கோடுக்கு ஒரு லைசென்ஸ், குரலுக்குத் தனி லைசென்ஸ் என்று இன்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். அதை அன்றைக்கு அவளிடம் எப்படிச் சொல்வது? வாயைத் திறப்பதற்குள் அந்தக் குரல் மறுபடியும் அவளைக் கூப்பிட்டது.