எட்டுக்கால் பூச்சி மேல் போட்ட பழி

எனக்கு முன்கோபம். யோசிக்கும் முன்பே யார் மேல் தப்பு என்று முடிவு கட்டிவிடுவேன். மன்னார்குடிப் பக்கம் நாங்கள் குடியேறிய வீட்டின் பின்சுவரை ஒட்டியே வயல். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், நான்கு வயது மகளின் கழுத்தில் தீக்குச்சியால் இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அதன் மேல் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். தொட்டாலே அழுதாள்.

“எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திருக்கும்,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு அது போதும். விட்டத்து மூலையில் நூல் நூலாய்க் கால்களோடு தொங்கியவை, காலண்டருக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கிடந்த பழுப்பு நிறத்தது, எல்லாவற்றுக்கும் சேர்த்து பூச்சி மருந்து டப்பா வாங்கி வந்தேன். மனைவிக்கு வீசிங் உண்டு, அந்த வாடை ஆகவே ஆகாது. ஆத்திரத்தில் அதையும் மறந்துவிட்டேன்.

அவள் டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

“முதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோங்க. அப்புறம் அடிங்க. அந்தப் பெரிசு போயிட்டா கரப்பான் பூச்சிய நீங்களா பிடிப்பீங்க?”

டாக்டரம்மா பார்த்ததுமே, “வீட்டுக்குப் பின்னாடி வயலா?” என்று கேட்டார். “இது எட்டுக்கால் பூச்சி இல்லைங்க. எறும்பு மாதிரி ஒரு வண்டு, ஆரஞ்சும் கறுப்புமா இருக்கும். வயல்லேருந்து லைட்டுக்கு வரும். கடிக்காது. மேல உக்காந்தா ஊதி விட்டுடணும். நசுக்கினா அதோட சாறு பட்டு இப்படி வெந்துடும். யாராவது நசுக்கினீங்களா?”

முந்தாநாள் சாயங்காலம் டியூப் லைட்டுக்கு அடியில், மடியில் இருந்த மகளின் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தேன்.

“நான்தாங்க,” என்றேன். மனைவியின் பக்கம் திரும்பவே கூசியது.

களிம்பு தடவியதில், பத்து நாளில் புண் காய்ந்தது. இப்போது விளக்குப் போடும் முன் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். ஒட்டடையை வாரம் ஒருமுறை நானே அடிக்கிறேன். பெரிய எட்டுக்கால் பூச்சி கட்டில் பக்கம் வந்தால் காலி டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, கொல்லையில் விடுகிறேன். பயம் போகவில்லை, அது ஓடும் வேகம் அப்படி. ஆனாலும் கரப்பானைப் பிடிக்கும் அவை வீட்டில் இருப்பதில் எனக்கு நிம்மதிதான்.

அன்று டாக்டரிடமிருந்து திரும்பும்போது பஸ்ஸில் மகள், “யாருப்பா என்னைக் கடிச்சது?” என்று கேட்டாள்.

மனைவி அவளைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். “யாரும் கடிக்கலம்மா. பூச்சி உன்னைக் கடிச்சிடக் கூடாதேன்னு அப்பா அவசரப்பட்டுட்டாரு.”

அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.